1996 ரஷ்யத் தேர்தலும் அடமானப் பங்குகளும்

ரஷ்ய அதிபர் யெல்ட்சின் 1996 தேர்தலில் மறுபடி ஜெயித்ததைப் பற்றிப் பேச்சு வந்தாலே கள்ள ஓட்டு எவ்வளவு விழுந்தது என்பதிலேயே நின்றுவிடுகிறோம். விழுந்திருக்கும். தாகெஸ்தான் பிராந்தியத்தில் முதல் சுற்றில் 60 சதவீதத்துக்கு மேல் வாங்கிய கம்யூனிஸ்ட் வேட்பாளர் ஜுகானோவ், மூன்று வாரத்துக்குள்ளேயே இரண்டாம் சுற்றில் அங்கேயே தோற்றதை நம்ப எனக்கு மனம் வரவில்லை. ஆனால் அந்தத் தேர்தல் அதற்கு முந்தைய வருஷமே, ஏலத்தில் கெட்டுப்போனது என்பேன்.

1995 கடைசியில் அரசிடம் காசில்லை. வங்கிகளிடம் கடன் வாங்கி, நோரில்ஸ்க் நிக்கல் என்ற உலோக நிறுவனம், யூகோஸ் என்ற எண்ணெய் நிறுவனம் போன்ற பெரும் நிறுவனங்களின் பங்குகளை அடமானம் வைத்தார்கள். ஏலம் நடத்தியதும் வங்கிக்காரர்கள், எடுத்ததும் அவர்களே. நோரில்ஸ்க் நிக்கலின் 38 சதவீதம் வெறும் 17 கோடி டாலருக்குப் போனது. சரி, இதற்கும் தேர்தலுக்கும் என்ன சம்பந்தம்? கடனை அரசு அடைக்காவிட்டால் அந்தப் பங்குகளை விற்கும் உரிமை வங்கிகளுக்கு வருவது 1996 செப்டம்பரில். தேர்தல் ஜூனில். நடுவில் கம்யூனிஸ்ட் ஜுகானோவ் வந்துவிட்டால் எல்லாம் போச்சு. அப்புறம் பணமும் தொலைக்காட்சியும் எந்தப் பக்கம் நிற்கும்? தனியார் தொலைக்காட்சியான என்டிவியின் தலைவர் மலாஷென்கோ யெல்ட்சினின் பிரசாரக் குழுவிலேயே போய்ச் சேர்ந்தார்.

ஜூன் 19 இரவு, யெல்ட்சினின் பிரசார ஆட்கள் இருவர் அரசுத் தலைமையகத்திலிருந்து வெளியே வரும்போது பிடிபட்டார்கள். கையில் ஜெராக்ஸ் பேப்பர் அட்டைப்பெட்டி, அதற்குள் 5 லட்சம் டாலருக்கு மேல் ரொக்கம். சட்டப்படி ஒரு வேட்பாளரின் மொத்தச் செலவு வரம்பே ஏறக்குறைய 30 லட்சம் டாலர்தான். விடிவதற்குள் இருவரும் வெளியே வந்தார்கள். மறுநாள் வேலை போனது அவர்களைப் பிடிக்கவைத்த கர்ஷகோவுக்கு, அதுவும் யெல்ட்சினின் சொந்தப் பாதுகாப்புத் தலைவருக்கு!

இரண்டாம் சுற்றுக்குச் சில நாள் முன்பு யெல்ட்சினுக்கு மாரடைப்பு வந்தது. தொண்டை கட்டியிருக்கிறது என்று ஜனங்களிடம் சொன்னார்கள். ஜூலை 3 அன்று, இரண்டாம் சுற்றில், மாஸ்கோவுக்கு அருகே பார்விகா என்ற இடத்து ஓய்வு மருத்துவமனையில் ஓட்டுப் போட்டவரைக் கேமராவில் ஒரு நிமிஷம் காட்டியதோடு சரி.

"கம்யூனிஸ்டுகள் திரும்பி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்" என்று கேட்கும் நண்பர்களுக்கு: 1992 ஜனவரியில் விலைக் கட்டுப்பாட்டை எடுத்த ஒரே வருஷத்தில் ஆயுள் முழுக்கச் சேர்த்த காசை இழந்த கிழவிகள்தான் ஜுகானோவுக்கு வரிசையில் நின்றார்கள். அந்தக் கோபத்தை ஓட்டாகப் போட அவர்களுக்கு உரிமை இல்லையா? சந்தைப் பொருளாதாரம் நல்லது என்றால் அதை அந்தக் கிழவியிடம் சொல்லித்தானே ஓட்டு வாங்கியிருக்க வேண்டும்.

ஆகஸ்டில், அடமானத் திட்டத்தைக் கொண்டுவந்த வங்கியாளர் பொட்டானின் துணைப் பிரதமரானார். செப்டம்பரில் கெடு வந்தது. அரசு பங்குகளை மீட்கவில்லை.