கேப்சூல் பாட்டிலும் மீலி மீல் மூட்டையும்

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், வைட்டமினுக்கும் மூலிகைக்கும் நான் எதிரி இல்லை. இல்லாவிட்டால் "பாட்டி வைத்தியத்தைப் பழிக்கிறாயா" என்று கமெண்டில் வரிந்து கட்டிக்கொண்டு வருவீர்கள். என் சண்டையெல்லாம் "நோயே வராது" என்று லேபிள் ஒட்டி விற்பவர்களோடுதான்.

இந்த வருடக் காவடிக்குத் தென்னாப்பிரிக்காவின் டர்பனில் எங்கள் கோயில் வாசலிலேயே முருங்கை கேப்சூல் கடை போட்டிருந்தார்கள். பாட்டில் 350 ரேண்ட். சுகர், பிரஷர், கேன்சர் மூன்றுக்கும் அது ஒன்றே போதுமாம். "யாருக்குக் கொடுத்துப் பார்த்தார்கள் தம்பி, எத்தனை பேருக்கு, எவ்வளவு நாள்?" என்று கேட்டேன். "ஆன்ட்டி, இது நேச்சுரல், சைடு எஃபெக்டே கிடையாது" என்றான். கேட்டதற்கு அதுவா பதில்?

அந்தக் கேள்வியை ஏன் விடாமல் கேட்கிறேன் என்றால் ஃபின்லாந்துக் கதை தெரிந்ததால்தான். காய்கறி, பழம் நிறையச் சாப்பிடுபவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் குறைவாக வருகிறது, அவர்கள் ரத்தத்தில் பீட்டா கரோட்டினும் (கேரட்டுக்கு நிறம் தரும், உடம்பில் வைட்டமின் ஏ ஆக மாறும் பொருள்) கூடுதலாக இருக்கிறது என்று பல ஆய்வுகள் சொல்லிக்கொண்டிருந்தன. சரி, அதையே மாத்திரையாகக் கொடுத்துப் பார்ப்போம் என்று புகைபிடிக்கும் ஆண்கள் 29,133 பேரை வைத்து வருடக்கணக்கில் சோதித்தார்கள். 1994இல் முடிவு வந்தது. பீட்டா கரோட்டின் சாப்பிட்டவர்களுக்கு நுரையீரல் புற்றுநோய் 18 சதவீதம் கூடியிருந்தது! அமெரிக்காவில் நடந்த இன்னொரு சோதனையில் 28 சதவீதம் கூடியது. 1996 ஜனவரியில் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். கேரட் தின்பவர் பொதுவாகச் சிகரெட்டையும் குறைவாகப் பிடிப்பார், உடம்பையும் கொஞ்சம் பார்த்துக்கொள்வார். கேப்சூலுக்குள் அதையெல்லாம் அடைக்க முடியுமா?

இந்த நாட்டில் இருந்துகொண்டு நாம் இதை மறக்கவே கூடாது. 2006இல் டொரண்டோ எய்ட்ஸ் மாநாட்டில் தென்னாப்பிரிக்காவின் அரங்கில் பூண்டும் எலுமிச்சையும் பீட்ரூட்டும் பரப்பி வைத்திருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? அப்போதைய சுகாதார அமைச்சர் மான்டோ ஷபலாலா-ம்சிமாங் எச்ஐவிக்கு அதைத்தான் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தார். மத்தியாஸ் ராத் என்ற ஜெர்மன் வைட்டமின் வியாபாரி கேப் டவுனின் கயலிட்ஷா பகுதியில் எச்ஐவி நோயாளிகளுக்கு மல்டிவைட்டமின் கொடுத்து, எச்ஐவியைக் கட்டுப்படுத்தும் ஏஆர்வி மருந்து விஷம் என்று பிரசாரம் செய்தார். எச்ஐவி மருந்துக்காகப் போராடிய டிஏசி அமைப்பும் டாக்டர்கள் சங்கமும் வழக்குப் போட்டு, 2008இல் கேப் உயர் நீதிமன்றம்தான் அதை நிறுத்தியது. 2000 முதல் 2005 வரை ஏஆர்வி உரிய நேரத்தில் கிடைக்காததால் போன உயிர்கள் 3,30,000க்கு மேல் என்று ஹார்வர்டு ஆய்வாளர்கள் கணக்கிட்டார்கள். பூண்டின் மேல் எந்தத் தப்பும் இல்லை. மருந்து இருக்க வேண்டிய இடத்தில் பூண்டை வைத்ததுதான் தப்பு.

சுகர் விஷயமும் இப்படித்தான். பாகற்காய்க்கு நடந்த நல்ல சோதனைகளை 2012இல் மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் குழு திரட்டிப் பார்த்தது. தேறியவை நான்கு, மொத்தம் 479 பேர். சுகர் குறைகிறது என்று சொல்ல அதில் ஆதாரம் போதவில்லை. (நான் இன்னமும் பொரியல் செய்கிறேன், ருசிக்காக.) அதே சமயம், டர்பனில் நம் ஆட்கள் நிறைய வாழும் சாட்ஸ்வர்த்தில் பாதிப் பேர் விழுங்குகிற சுகர் மாத்திரை மெட்ஃபார்மினும் ஒரு செடி வழியாக வந்ததுதான். கலேகா என்ற ஐரோப்பியச் செடியில் இருந்த பொருளைத் துரத்திக்கொண்டு போய், மாற்றி, அளந்து, சோதித்து எடுத்தார்கள். அந்த வேலையெல்லாம் நடந்தால் செடியும் மருந்தாகும். அப்புறம், சென்னையில் சுகரின் விளிம்பில் இருந்த 531 பேரை வைத்து ஓர் ஆய்வு நடந்தது, 2006இல் வெளிவந்தது. நடையும் சாப்பாட்டுக் கட்டுப்பாடும் சுகர் வருவதை 28.5 சதவீதம் குறைத்தன, மெட்ஃபார்மின் 26.4. நடக்கக் காசு கேட்பார் யாரும் இல்லை, அதனால் கோயில் வாசலில் கடையும் இல்லை.

சோதனையில் ஜெயித்த வைட்டமினும் உண்டு, ஃபோலிக் ஆசிட். தண்டுவடக் குறையோடு ஒரு குழந்தை பிறந்த பெண்களுக்குக் கொடுத்தபோது, அடுத்த பிரசவத்தில் அந்தக் குறை 72 சதவீதம் குறைந்தது என்று 1991இல் பிரிட்டிஷ் ஆய்வு காட்டியது. 2003 அக்டோபரிலிருந்து இங்கே மீலி மீல் என்ற மக்காச்சோள மாவிலும் ரொட்டி மாவிலும் அதைக் கலப்பது சட்டம். தண்டுவடமோ மண்டையோ மூடாமல் பிறக்கும் குழந்தைகள் ஏறக்குறைய 30 சதவீதம் குறைந்தார்கள். இதற்கு யாரும் வாட்ஸப்பில் ஃபார்வர்டு அனுப்புவதில்லை.

ஆனால் அந்தச் சட்டத்தில் அரிசி இல்லை. நம் வீடுகளில் எத்தனை பேர் பாப் (மீலி மீல் களி) சாப்பிடுகிறோம்? தினமும் சோறும் பருப்பும்தான். கருவில் தண்டுவடம் முதல் நான்கு வாரத்துக்குள் மூடிவிடும், பல பெண்களுக்கு அப்போது கர்ப்பம் என்றே தெரிந்திருக்காது. அதனால் வீட்டில் குழந்தைக்கு யோசிக்கும் மகளோ மருமகளோ இருந்தால், கேப்சூல் பாட்டிலை விட்டுவிட்டு ஃபோலிக் ஆசிட் வாங்கிக் கொடுங்கள். வழக்கமாகச் சொல்வது தினம் 0.4 மில்லிகிராம், கரு தரிப்பதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே. சுகர் உள்ளவர்களுக்கும் வலிப்பு மாத்திரை சாப்பிடுபவர்களுக்கும் அளவு வேறாக இருக்கலாம், டாக்டரைக் கேட்டுக்கொள்ளுங்கள்.