நுவரெலியாவுக்கு மேல் ஓசோன் ஓட்டை இல்லை

“மலையகத்துக்கு மேல் ஓசோன் ஓட்டை விழுந்துவிட்டது, செய்மதிப் படமே சாட்சி” என்று கரு நீல வரைபடமொன்றுடன் வட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. அது பொய்.

2017இல் ஏவப்பட்ட ட்ரொபோமி போன்ற செய்மதிக் கருவிகள், பூமியில் பட்டுத் திரும்பும் சூரிய ஒளியில் எவ்வளவு புற ஊதாக் கதிரை ஓசோன் உறிஞ்சியது என்று பார்த்து அதன் அளவைக் கணிக்கின்றன. ஓசோனை அளக்கும் அலகான டொப்சனில் அது 220க்குக் கீழே இறங்கினால்தான் ‘ஓட்டை’ என்பார்கள். அது ஆண்டுதோறும் ஓகஸ்ட் மாதமளவில் அந்தாட்டிக்காவுக்கு மேல் உருவாவது. நம்மைப் போன்ற வெப்பவலய நாடுகளில் பொதுவாக 240 முதல் 280 வரை இருக்கும். இங்கே மேலெழும் காற்று ஓசோனைத் துருவப் பக்கம் கொண்டுபோகிறது. அதனால் இந்தக் குறைவு இயல்பானது, புதியதல்ல. படத்தின் நீலம் காட்டுவது அதைத்தான்.

வெயிலின் கடுமை மட்டும் மெய். சூரியன் உச்சிக்கு நெருங்கி நிற்கும் நாடு, 1,868 மீற்றர் உயரத்தில் நுவரெலியா நகரம்: புற ஊதாக் கதிர் இங்கே அதிகம்தான். குளிர்காற்றில் தோல் கருகுவது தெரியாது. கொழுந்து பறிக்கும் அக்காமாருக்குத் தொப்பியும் மதிய நேர நிழலும் கட்டாயம் வேண்டும். அதைத் தோட்ட நிர்வாகங்களிடம் கேட்போம். அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பாதீர்கள்.