பீட்சா ஹட் கூரைக்குப் பச்சை அடித்தால் பொங்கல் கடை ஆகுமா? ஆகும்.

எங்கள் ஊரில் பழைய பீட்சா ஹட் கட்டடத்தில் அண்ணனும் அக்காவும் நடத்துகிற பொங்கல் கடையைக் கேலி செய்து, சேனல் வைத்திருக்கிற ஒரு தம்பி போட்ட அந்த நாற்பது விநாடி வீடியோவை இதுவரை பதினொரு பேர் எனக்கு அனுப்பிவிட்டீர்கள். போதும். பார்த்துவிட்டேன். சத்தத்தோடு ஒரு தடவை, சத்தம் இல்லாமல் ஒரு தடவை. "பீட்சா ஹட் கூரைக்குப் பச்சை பெயின்ட் அடிச்சா பொங்கல் கடை ஆயிடுமா மக்களே?" என்று தம்பி கேட்கிறார். கீழே நம் ஆட்கள் வரிசையாக வந்து விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள். அதில் நான்கு பேர் போன வருஷம் அதே கூரைக்குக் கீழே குழந்தைக்குப் பிறந்தநாள் கொண்டாடியவர்கள். படம் என்னிடம் இருக்கிறது. போட மாட்டேன். நான் அந்த ரகம் இல்லை.

தம்பி கேட்டதற்குப் பதில்: ஆகும். தாராளமாக ஆகும். ஆறு வருஷமாக ஆகிக்கொண்டுதான் இருக்கிறது.

அமெரிக்காவில் இருக்கும் நமக்கெல்லாம் அந்தக் கூரை தெரியும். நடுவில் மேடாக எழும்பி, தலையில் தொப்பி வைத்த மாதிரி இருக்கும். ஜன்னல்கள் ஒரு பக்கம் அகலம், ஒரு பக்கம் குறுகல். கம்பெனி காலி செய்து போனபின் அதே கட்டடம் சீன பஃபேயாக, மெக்சிகோக்காரர் டாக்கோ கடையாக, மது கடையாக, அடகுக் கடையாக, சர்ச்சாகக்கூட மாறி நிற்கும். பச்சை அடித்தாலும் நீலம் அடித்தாலும் தொப்பி தொப்பிதான். யாரையும் ஏமாற்ற முடியாது. அண்ணனும் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை. பச்சை அடித்ததே ஆசைக்கு இல்லை. இந்த மாதிரி கம்பெனிக் கடைகள் மூடும்போது அடையாளத்தை எல்லாம் எடுத்துவிட வேண்டும் என்று ஒப்பந்தத்திலேயே எழுதியிருப்பார்கள். சிவப்பு அவர்கள் அடையாளம், அதனால் சிவப்பு போக வேண்டும். கூரையின் உருவத்தை மாற்ற வேண்டுமென்றால் பாதிக் கட்டடத்தைப் பிரிக்க வேண்டும். அந்தச் செலவுக்குத் தம்பி சேனலில் வசூல் நடத்தித் தருவாரா?

ஒரு விஷயம் சொல்கிறேன். நான் எம்.எஸ். படித்தது கான்சாஸில், விச்சிட்டாவில். பீட்சா ஹட் பிறந்த ஊரே அதுதான். 1958ல் டான் கார்னி, ஃபிராங்க் கார்னி என்று அண்ணன் தம்பி இரண்டு பேர், அம்மாவிடம் 600 டாலர் கடன் வாங்கி, ஒரு சின்னக் கட்டடத்தை வாடகைக்குப் பிடித்து, செகண்ட் ஹேண்ட் சாமான்களோடு ஆரம்பித்த கடை. கடை போர்டில் ஒன்பது எழுத்துக்குத்தான் இடமாம். ஆங்கிலத்தில் பீட்சாவுக்கே ஐந்து போய்விடும், நடுவில் ஒரு இடைவெளி, மிச்சம் மூன்று. கட்டடத்தைப் பார்த்தால் குடிசை மாதிரி இருந்தது, 'ஹட்' என்று வைத்துவிட்டார்கள். அந்தச் செங்கல் கட்டடத்தை 1980களிலேயே எங்கள் யுனிவர்சிட்டி வளாகத்துக்குப் பெயர்த்துக்கொண்டு வந்துவிட்டார்கள். நான் படிக்கும்போது ஏதோ வாட்ச்மேன் ரூம் என்று நினைத்து அதைத் தாண்டிப் போயிருக்கிறேன். 2018லிருந்து மியூசியம்.

அதாவது தம்பி, பீட்சா ஹட்டே அடுத்தவர் கட்டடத்தில் வாடகைக்கு உட்கார்ந்து, போர்டில் இருந்த இடத்துக்குத் தகுந்த மாதிரி பெயர் வைத்துக்கொண்ட கடைதான். சிவப்புக் கூரை எல்லாம் பிறகு வந்தது. அதை வரைந்து கொடுத்த ரிச்சர்ட் பர்க் என்ற ஆர்க்கிடெக்டுக்கு மொத்தமாகக் கொடுக்கப் பணமில்லாமல், கடைக்கு 100 டாலர் என்று பேசி முடித்ததாகச் சொல்வார்கள். அவர்கள் செய்தால் தொழில்முனைவு, மியூசியம், கண்ணாடிப் பெட்டி. நம் அண்ணன் செய்தால் ரீல்ஸ்.

"பழைய பர்கர் கடைக்கும் பீட்சா கடைக்கும் போய் இவ்வளவு உருகணுமா? அது பாரம்பரியமா?" என்று ஒருவர் கேட்டிருந்தார். நல்ல கேள்விதான். முழு பதில் என்னிடம் இல்லை. அது பெரிய கம்பெனி விளம்பரத்துக்குக் கட்டிய கட்டடம், மறுக்கவில்லை. ஆனால் கலிபோர்னியாவில் டவுனி என்ற ஊரில் 1953ல் கட்டிய மெக்டொனால்ட்ஸ் ஒன்று இருக்கிறது. கட்டடத்தைத் துளைத்துக்கொண்டு போகும் இரண்டு மஞ்சள் வளைவு, வாசலில் அறுபதடி உயர நியான் போர்டு. 1994ல் பூகம்பத்தில் அடிபட்டது, கம்பெனி மூடிவிட்டது. ஊர்க்காரர்களும் கட்டடப் பாதுகாப்பு அமைப்புகளும் விடவில்லை. நாட்டிலேயே அழியும் நிலையில் இருக்கிற வரலாற்று இடங்களின் பட்டியலில் அது ஏறியது. 1996ல் பழுது பார்த்துத் திறந்தார்கள். இன்றைக்கும் ஃப்ரை விற்கிறது, நானே வரிசையில் நின்று வாங்கித் தின்றேன். இன்னொரு பக்கம் இல்லினாய்ஸில் டெஸ் பிளெயின்ஸ் என்ற ஊர். மெக்டொனால்ட்ஸை நாடெங்கும் பரப்பிய ரே கிராக் 1955ல் திறந்த மெக்டொனால்ட்ஸ் கடை. 1984ல் இடித்தார்கள், அடுத்த வருஷமே அதே மாதிரி ஒரு நகலைக் கட்டி மியூசியம் என்றார்கள், 2018ல் நகலையும் இடித்தார்கள். இப்போது புல். டவுனியில் அடுப்பு எரிகிறது, கட்டடம் நிற்கிறது. டெஸ் பிளெயின்ஸில் பொம்மை வைத்துக் காட்டினார்கள், போய்விட்டது. இதற்கு மேல் நான் என்ன விளக்க?

உள்ளே யாராவது வாடகை கொடுத்து அடுப்பு மூட்டினால்தான் அந்தக் கூரை நிற்கும். அண்ணன் எடுப்பதற்கு முன்னால் இரண்டு வருஷம் அந்த இடம் பூட்டிக் கிடந்தது. பார்க்கிங்கில் புல் முளைத்திருந்தது. அப்போது யாரும் வீடியோ எடுக்கவில்லையே?

சின்ன முதலீட்டில் ஓட்டல் போடுகிறவர்கள் ஏன் பழைய ஓட்டல் கட்டடமாகத் தேடுகிறார்கள் என்று யோசித்ததுண்டா? அடுப்புக்கு மேல் புகையை உறிஞ்சுகிற ஹூட், புகைபோக்கி, எண்ணெய்க் கழிவு சாக்கடையில் போகாமல் பிடிக்கிற கிரீஸ் ட்ராப், உள்ளே நடந்து போகிற குளிர் அறை, கேஸ் லைன். வெறும் கட்டடத்தில் இதையெல்லாம் புதிதாகப் போட்டு அனுமதி வாங்குவதற்குள் கையிருப்பு கரைந்துவிடும். இங்கே எல்லாம் தயாராக இருந்தது. போர்டு கதையும் அதேதான். "ரோட்டோரக் கம்பத்தில் பழைய ஃபிரேமிலேயே புது ஃப்ளெக்ஸைச் சொருகி வெச்சிருக்காங்க" என்று ஒரு சிரிப்பு. அந்த உயரத்தில் கம்பத்துக்கு இன்றைக்கு எங்கள் ஊரில் அனுமதியே கிடையாது. பழையது என்பதால் விட்டு வைத்திருக்கிறார்கள். பிடுங்கினால் இடுப்பளவு போர்டுதான் வைக்கலாம். கஞ்சத்தனம் என்று நீங்கள் நினைத்தது அண்ணனின் கணக்கு.

"சாம்பார் நல்லாயில்லைன்னு சொல்லக்கூடக் கூடாதா?" சொல்லுங்கள். சில நாள் உப்பு தூக்கல்தான், நானும் சொல்லியிருக்கிறேன். வீடியோவில் சாம்பாரைப் பற்றி ஒரு வார்த்தை இருந்ததா? உள்ளேயே போகாமல் பார்க்கிங்கில் நின்று எடுத்த வீடியோ அது.

"நீங்க அவங்களுக்கு வேண்டியவர், அதான் பொங்குறீங்க." ஆமாம், வேண்டியவன். போன லே ஆஃபில் எனக்கு வேலை போன மூன்று மாதம் அக்கா பில்லில் வடையைச் சேர்க்கவே இல்லை. இதில் மறைக்க என்ன இருக்கிறது?

"சும்மா ஜாலிக்குச் சொன்னதுங்க." இதற்குத்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஏன் என்று சொல்லிவிடுகிறேன், நெருங்கிய நண்பர்களுக்குக்கூடத் தெரியாது.

எங்கள் அப்பா தேனியில் டிபன் கடை வைத்திருந்தார். அது முன்னால் வாடகை சைக்கிள் கடை. சுவரில் 'மணிக்கு 50 பைசா' என்று எழுதியிருந்தது, எத்தனை தடவை வெள்ளையடித்தாலும் மழைக்காலத்தில் எட்டிப் பார்க்கும். டயர் தொங்கவிடும் கொக்கியில் அப்பா வாழைத்தார் தொங்கவிட்டார். பஞ்சர் பார்க்கிற தண்ணீர்த் தொட்டியைத் தேய்த்துக் கழுவி, கை கழுவ வைத்தார். ஊருக்கு அது கடைசி வரை 'சைக்கிள் கடை இட்லி'. பெரியவர்கள் அடையாளத்துக்குச் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் பையன்கள், "டேய், உங்கப்பா இட்லிக்குக் காத்தடிச்சுத்தான் உப்ப வைக்கிறாராடா?" என்பார்கள். அதுவும் ஜாலிதான். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒன்பதாவது படிக்கும்போது ஒருநாள், கடைக்குப் புதுப் பெயர் வை, சுவரை இடித்துக் கட்டு என்று அப்பாவிடம் கத்தினேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. மறுநாள் அந்த 'மணிக்கு 50 பைசா'வைக் கரண்டியால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

சரி, விடுங்கள். எங்கேயோ போய்விட்டேன்.

சென்னையில் வுட்லண்ட்ஸ் டிரைவ்-இன் 2008ல் மூடியபோது இதே ஆட்கள்தான் கண்ணீர் விட்டார்கள். கார் கதவில் தட்டு மாட்டிச் சாப்பிட்ட நினைவுகள், அந்தக் காபி, அந்த மரத்தடி. 1962லிருந்து நடந்த இடம், இன்று செம்மொழிப் பூங்கா. பூங்கா நல்ல பூங்கா, குறை சொல்லவில்லை. ஆனால் அன்றைக்கு "யாராவது தொடர்ந்து நடத்தக் கூடாதா" என்று கேட்டவர்கள்தானே நீங்கள்? இங்கே ஒருவர் நடத்துகிறார். விடிகாலை ஐந்து மணிக்கு அரிசி பருப்பை ஏற்றுகிறார். கூரை கோணலாக இருப்பது உங்களுக்குக் கேவலமாக இருக்கிறது. வெள்ளைக்கார நண்பர்களைக் கூட்டிக்கொண்டு போக வெட்கம் என்று ஒருவர் எழுதியே இருக்கிறார். அந்த வெள்ளைக்கார நண்பர்களைக் கேட்டுப் பாருங்கள். அவர்களில் பாதிப் பேர் சின்ன வயதில், புத்தகம் படித்தால் பரிசு என்ற பீட்சா ஹட் திட்டத்தில் இலவசக் குட்டிப் பீட்சா வாங்கியது இந்த மாதிரிக் கூரைக்குக் கீழேதான். எங்கள் ஆபீஸ் ஆள் ஒருவர் முதல் தடவை உள்ளே வந்ததும் நேராக ஜன்னலோர மூலைக்குப் போய், "இங்கேதான் என் அப்பா உட்காருவார்" என்றார். மசால் தோசை கேட்டார். இரண்டு.

தம்பி, வீடியோவை எடுக்கச் சொல்லி நான் கேட்கவில்லை. எடுத்தாலும் இனி என்ன?

நேற்று ராத்திரி கடை மூடுகிற நேரத்துக்குப் போனேன். கூட்டம் இல்லை. அக்கா பில் போட்டுக்கொண்டே, "நீங்களும் பார்த்தீங்களா தம்பி?" என்று மட்டும் கேட்டார். அண்ணன் வாசலில் நின்று மேலே பார்த்தபடி யாரிடமோ போனில் பேசிக்கொண்டிருந்தார். அந்த மேட்டை மட்டும் எடுத்துத் தட்டையாக்கினால் எவ்வளவு ஆகும் என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.