கோகுலத்துக்கு அரை மணி நேரம் போதாது

வடநாட்டு யாத்திரை முடித்து வரும் நம் ஊர்க்காரர்களிடம் மதுரா எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். சிறை போலவே இருக்கும் அந்தக் கருவறை, போலீஸ் சோதனை, செல்போனை வெளியே வைத்துவிட்டுப் போனது, பிருந்தாவனத்தில் குரங்கு மூக்குக்கண்ணாடியைப் பிடுங்கிக்கொண்டு ஓடி, ஜூஸ் பாக்கெட் கொடுத்ததும் கீழே போட்டது என்று கதை கதையாக வரும். கோகுலம்? "அங்கேயும் போனோம், தொட்டில் ஆட்டினோம்." அவ்வளவுதான்.

அவர்களைச் சொல்லிக் குற்றமில்லை. டூர்க்காரர்கள் போட்டுத் தரும் அட்டவணை அப்படி. காலையில் மதுரா, சாயங்காலம் பிருந்தாவனம், இடையில் சாப்பாட்டு நேரத்துக்குள் கோகுலத்தை முடித்துவிட வேண்டும்.

இது தலைகீழாக இருக்க வேண்டும் என்பது என் கட்சி. மதுராவில் கண்ணன் பிறந்தான், சரி. பிறந்த இரவே ஆற்றைத் தாண்டிவிட்டானே! பூதனை வந்தது, சகடம் உதைத்தது, உரலில் கட்டுண்டது, வெண்ணெய் திருடியது எல்லாம் யமுனைக்கு அந்தக் கரையில். ஆழ்வார்கள் பாடிய தலங்களான திவ்ய தேசங்களின் பட்டியலில் திருவடமதுரையோடு (மதுரா) திருவாய்ப்பாடியும் (கோகுலம்) தனியாக இருப்பது சும்மா இல்லை.

இன்று கோகுலம் என்று பெயர் தாங்கும் ஊர், வல்லபாசாரியரின் மகன் விட்டல்நாதர் காலத்தில், 16-ஆம் நூற்றாண்டில் உருவானது. அதற்குப் பக்கத்தில் இருக்கும் மகாவனத்தைத்தான் பழைய கோகுலம் என்கிறார்கள். 84 தூண்கள் இருப்பதாகச் சொல்லும் நந்த பவனம் அங்கேதான். ஒரே அச்சில் செதுக்கிய தூண்கள் அல்ல, ஒவ்வொன்றும் ஒரு விதம். பழைய கட்டடங்களில் இருந்ததை எடுத்து நிறுத்தியது பார்த்தாலே தெரியும். நம் கோயில் மண்டபங்களின் உயரத்தை எதிர்பார்த்துப் போனால் ஏமாற்றம்தான். தாழ்ந்த கூரை, கூட்டம், பெரிய வீடு ஒன்றுக்குள் நுழைந்த மாதிரி இருக்கிறது. யசோதை வீடு அப்படித்தானே இருக்க வேண்டும்?

அங்கிருந்து பிரம்மாண்ட காட். மண் தின்ற பிள்ளையின் வாயைத் திறக்கச் சொல்லி, அதற்குள் உலகமெல்லாம் கண்டு தாய் திகைத்த இடம். பெரியாழ்வார் பாடிய அதே காட்சி. மதுரா முழுக்கப் பால் பேடா விற்கிறார்கள், இந்தப் படித்துறையில் மட்டும் பிரசாதம் மண் பேடா! ஆற்று மண்ணை உருட்டிக் காயவைத்தது. வடநாட்டுப் பாட்டிகள் தயங்காமல் வாயில் போட்டுக்கொள்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை, நெற்றியில் இட்டுக்கொண்டேன். 1,376 கிலோமீட்டர் ஓடும் யமுனையில், டெல்லிக்குள் வசீராபாத் முதல் ஓக்லா வரையான 22 கிலோமீட்டரில்தான் அழுக்கின் பெரும்பகுதி கலக்கிறது. அது அப்படியே இறங்கி வரும் இடம் இது.

ரமண் ரேத்தியில் அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. வெறும் மணல்வெளி. பிள்ளை புரண்டு விளையாடிய மணல் என்று பேரன், பேத்தி, தாத்தா எல்லோரும் புரள்கிறார்கள். தொப்பையும் நரைத்த மீசையுமாக ஒருவர் உருண்டு எழுந்து, மனைவியைப் பார்த்து வெட்கத்தோடு சிரித்தார். வரிசை கிடையாது, சிறப்பு தரிசனச் சீட்டு கிடையாது.

தொட்டில் விஷயத்தையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கோயிலில் எங்களை உட்காரவைத்துக் கதை சொன்னார் பண்டா, அதாவது அங்குள்ள பூசாரி. அழகாகவே சொன்னார். கதை முடிந்ததும் பசுவுக்குத் தீவனம், பெற்றோர் பெயரில் கல்வெட்டு என்று ஆயிரங்களில் ஆரம்பித்தார். தொட்டில் கயிறு கையில் இருக்கும்போது மறுக்க யாருக்கும் கூச்சமாகத்தான் இருக்கும், அவருக்கும் அது தெரியும். பத்து ரூபாய் போட்டுக் கும்பிட்டு நகருங்கள், ஒரு தோஷமும் வராது.

பிருந்தாவனத்தில் பாங்கே பிகாரி கோயிலைச் சுற்றி வளாகம் அமைப்பது பற்றி வழக்கும் வாதமும் நடக்கின்றன. அங்கே இடம் வேண்டும் என்பதை நான் மறுக்கமாட்டேன். 2022 ஜன்மாஷ்டமி நெரிசலில் இரண்டு பேர் இறந்தார்கள், அந்தச் சந்துகளில் நின்று பார்த்தால் ஏன் என்று புரியும். ஆனால் அதே அளவுகோலோடு ஆற்றைத் தாண்டி வந்து, மணலுக்குப் பளிங்கும் படித்துறைக்கு வண்ண விளக்கும் போட்டுவிடக் கூடாது. நிழலுக்கு மரம், சுத்தமான கழிப்பறை, குடிக்கத் தண்ணீர் போதும். செலவு செய்யக் காசு மிச்சமிருந்தால் டெல்லி சாக்கடையைச் சுத்திகரிக்கக் கொடுக்கலாம்.

"ஆண்டாள் வடக்கே போகவே இல்லையே, வில்லிபுத்தூரையே ஆய்ப்பாடியாக நினைத்துக்கொள்ளவில்லையா?" என்று ஒரு நண்பர் மடக்கினார். உண்மைதான், அவளால் முடிந்தது. நமக்கெல்லாம் கொஞ்சம் மணல் தேவைப்படுகிறது.

அடுத்த முறை யாத்திரைக்குப் பணம் கட்டும்போது, மகாவனமும் ரமண் ரேத்தியும் அட்டவணையில் உண்டா என்று முதலில் கேளுங்கள். இல்லை என்றால், பிருந்தாவனத்தில் கடைகளுக்கு ஒதுக்கும் நேரத்தில் மதுராவிலிருந்து ஒரு ஆட்டோ பிடித்துவிடுங்கள். வெயில் காலத்தில் மட்டும் வேண்டாம், அந்த மணலில் வெறுங்காலோடு நிற்க முடியாது.