இரவுக் காவல் உண்டா என்று முதலில் கேளுங்கள்

மாலத்தீவில் பல நாள் தங்கி, கடலுக்கடியில் டைவிங் செய்யும் படகைத் தேர்ந்தெடுக்க, உங்கள் பதிவில் அறை வசதியையும் சாப்பாட்டையும் பார்க்கச் சொல்லியிருக்கிறீர்கள், சரி, ஆனால் ராத்திரி எல்லாரும் தூங்கும்போது ஒருவராவது விழித்திருந்து படகைச் சுற்றி வருகிறாரா என்பதைத்தான் நான் முதலில் கேட்பேன். 2019 செப்டம்பர் 2 அன்று கலிபோர்னியா அருகே கன்செப்ஷன் என்ற டைவிங் படகு தீப்பிடித்து, கீழ்த்தளத்தில் படுத்திருந்த 34 பேர் இறந்தார்கள். இரவுக் காவல் போடாததைத்தான் விசாரணையில் பெரிய குறையாகச் சொன்னார்கள். எங்கள் ஒகேனக்கலில் பரிசல் ஏறவே லைஃப் ஜாக்கெட் போட வேண்டும். அப்படியிருக்க, நடுக்கடலில் பல நாள் தங்கும் படகில் தப்பிக்க இரண்டு வழி இருக்கிறதா, தீப்பிடிக்கக்கூடிய கேமரா பேட்டரியை எங்கே சார்ஜ் போட விடுகிறார்கள், அவசர முதலுதவிக்கு ஆக்சிஜன் எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று கேட்டே ஆகணும், மழுப்பினால் பணம் கட்டாதீர்கள். அப்புறம், கடைசி டைவுக்கும் விமானத்துக்கும் நடுவே 18 மணி நேரமாவது விடுங்கள்; சீக்கிரம் பறந்தால் உடம்பில் தங்கிய நைட்ரஜன் குமிழியாகி ஆபத்தாகலாம், பெங்களூரு இறங்கி தருமபுரி வரும் அவசரத்தில் அதைக் குறைக்க வேண்டாம்.