படுக்கிற பாய்க்கு ஆதார் கேட்கிறார்கள்

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட ராத்திரி. பஸ் ஸ்டாண்டில் கடைசி பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தேன். ஒரு பெரியவர் உரச் சாக்கை உதறி, நனையாத பக்கம் மேலே வருகிற மாதிரி மடித்துக்கொண்டிருந்தார். கூரை ஒழுகி, அவர் படுக்கிற இடம் வரைக்கும் தண்ணீர் வந்துவிட்டது. ஆட்டோ பிடித்து, வீடற்றோர் தங்கும் இல்லத்துக்குக் கூட்டிப்போனேன். (எந்த ஊர் என்று எழுத மாட்டேன். எழுதினால் ராத்திரி டூட்டிக்காரருக்குத்தான் திட்டு விழும்.)

"ஆதார் இருக்கா?" என்றார் டூட்டிக்காரர்.

பெரியவர் மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கவரை எடுத்துப் பிரித்தார். பழைய ரேஷன் கார்டின் ஒரு தாள், ஊறி ஒட்டிப்போயிருந்தது. கூட ஒரு பீடிக்கட்டு. "வா தம்பி, பஸ் ஸ்டாண்டே போதும்" என்று அவரே முதலில் திரும்பிவிட்டார்.

வீட்டுக்கு வந்தும் எனக்கு ஆறவில்லை. ஏனென்றால் ஓட்டு விஷயத்தில் விதி வேறு மாதிரி. வீடில்லாத ஒருவர், வாக்காளர் பட்டியலில் பெயர் சேர்க்கிற படிவம் 6-இல் தான் தூங்குகிற இடத்தை எழுதிக் கொடுத்தால் போதும், முகவரிச் சான்று வேண்டாம். வாக்குச்சாவடி நிலை அலுவலர்தான் ராத்திரியில் போய், அவர் அங்கே படுத்திருக்கிறாரா என்று பார்க்க வேண்டும், அதுவும் ஒரு நாளுக்கு மேல். ஓட்டுக்கு ஆளைத் தேடி அரசாங்கம் வரும். பாய்க்கு மட்டும் ஆள் ஆதாரைத் தேடிப் போக வேண்டுமாம்!

லட்சம் பேருக்கு ஒரு தங்குமிடம், 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் சொன்னது 2010-இல். 2013-இல் வந்த நகர்ப்புற வாழ்வாதாரத் திட்டமும் அதே கணக்கைத்தான் எடுத்துக்கொண்டது. 2011 மக்கள்தொகைப்படி தஞ்சாவூருக்கு இரண்டு, கும்பகோணத்துக்கு ஒன்று. திருவாரூர், மன்னார்குடி, மயிலாடுதுறை எல்லாம் லட்சத்துக்குக் கீழே. அங்கே மழை பெய்யாதா?

தங்க இடம் கொடுப்பது டெல்டாவுக்குப் புதுசும் இல்லை. ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி காலத்தது. வழிப்போக்கருக்குச் சோறு, தங்க இடம், நோயாளிக்கு வைத்தியம், எல்லாம் அரண்மனைச் செலவில்.

நாம் தர்மம் செய்யாதவர்கள் இல்லை. அமாவாசைக்குக் காவிரிப் படித்துறையில் பொட்டலம் குவிகிறது, நானும் கொடுத்திருக்கிறேன். போன தடவை அங்கே உட்காருகிற ஒரு அம்மாவிடம் நீட்டியபோது, பக்கத்தில் ஏற்கெனவே ஆறு பொட்டலம் கிடந்தது. "சோறு கெடக்குது தம்பி, கக்கூசுக்குத்தான் காசில்ல" என்றார். ஏழாவதைக் கையில் வைத்துக்கொண்டு அசடு வழிய நின்றேன்.

உடனே ஒருத்தர் வருவார், "எல்லாம் குடிகாரனுங்க சார்" என்று. சில பேர் குடிப்பார்கள்தான். குடித்தவர் மேலே மட்டும் மழை விழாமல் போகுமா?

நவம்பர் 1 உள்ளாட்சி தினம். 2022-இலிருந்து நகரங்களில், வார்டு மக்கள் கூடிக் குறைகளைச் சொல்ல, பகுதி சபை என்று ஒன்று இருக்கிறது. உள்ளாட்சி தினத்தன்று நம் ஊரில் கூட்டினால் அது சரியாக ஐப்பசியில் வரும். நான் கேட்கப்போவது மூன்றே விஷயம்: மழைக்கு முன்னால் ராத்திரியில் போய்த் தலை எண்ணுங்கள், முதல் ராத்திரிக்கு ஆதார் கேட்காதீர்கள், பஸ் ஸ்டாண்டு கழிப்பறையில் இவர்களிடம் காசு வாங்காதீர்கள். தனியாகக் கேட்டால் மனுவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பிவிடுவார்கள். நம் வார்டிலிருந்து பத்துப் பேராவது வாருங்கள். மனு நான் எழுதிக்கொண்டு வருகிறேன்.