ஒரு பெயர்ப்பலகையும் லிதுவேனியா போட்ட தப்புக் கணக்கும்

சென்னையில் தைவானுக்கு 2012 முதல் ஓர் அலுவலகம் இருக்கிறது. பெயரில் தைவான் இருக்காது. ‘தைபே பொருளாதார, பண்பாட்டு மையம்’. தைபேயில் நாம் வைத்திருப்பதும் ‘இந்தியா-தைபே சங்கம்’தான். நாட்டின் பெயரை விட்டுவிட்டு ஊர்ப் பெயரைச் சொன்னால், தைவானைத் தன் பகுதி என்று சொல்லும் பெய்ஜிங் கண்டுகொள்ளாது. விசா, வியாபாரம் எல்லாம் தடையில்லாமல் நடக்கும். உலகில் பெரும்பாலும் இதுதான் ஏற்பாடு.

ஐரோப்பாவில் இதை முதலில் மீறியது லிதுவேனியா. 2021 நவம்பர் 18இல் தலைநகர் வில்னியஸில் திறந்த அலுவலகத்தின் பெயரை லிதுவேனிய மொழியில் படித்தால் ‘தைவானியர்களின்’ அலுவலகம், அதாவது மக்களுடையது. சீன மொழியில் படித்தால் நேராகவே ‘தைவான்’. வேற்றுமை உருபு காட்டிய இந்த நாசூக்கையெல்லாம் பெய்ஜிங் ரசிக்கவில்லை. மூன்றே நாளில் தூதரக உறவைத் தூதருக்குக் கீழான பொறுப்புத் தூதர் நிலைக்கு இறக்கிவிட்டது.

பெயர் வைத்தது தவறென்று நான் சொல்ல மாட்டேன். கணக்குதான் தவறு. லிதுவேனியாவின் ஏற்றுமதியில் சீனாவுக்கு நேராகப் போனது சுமார் 1 சதவீதம். ‘நம்மை என்ன செய்துவிட முடியும்’ என்ற துணிச்சல் அந்த எண்ணிலிருந்து வந்தது. ஆனால் லிதுவேனியாவில் செய்த பாகம் ஜெர்மன் நிறுவனத்தின் பொருளுக்குள் ஏறிச் சீனா போகிறதே, அது அந்த 1 சதவீதத்தில் வராது. சீனா கை வைத்தது அங்கேதான்.

எப்படி என்று பாருங்கள். 2021 டிசம்பர் தொடக்கத்தில் சீனச் சுங்கத்தின் கணினியில், சரக்கு எந்த நாட்டில் தயாரானது என்று தேர்ந்தெடுக்கும் பட்டியலில் லிதுவேனியாவைக் காணோம். நாடு இல்லையென்றால் படிவத்தை நிரப்ப முடியாது, கன்டெய்னர் துறைமுகத்தில் கிடக்கும். சில நாளில் பெயர் திரும்பி வந்தது, அனுமதி வரவில்லை. தடை என்று அரசாணை எதுவும் வெளியாகவில்லை. ஆனால் ஜெர்மன் நிறுவனங்களுக்கு ‘லிதுவேனியப் பாகத்தைத் தவிர்த்துவிடுங்கள்’ என்ற நெருக்கடி.

ஐரோப்பிய ஒன்றியம் 2022 ஜனவரியில் உலக வர்த்தக அமைப்புக்குப் போனது. எழுத்தில் இல்லாத தடையை நிரூபிக்க நிறுவனங்கள் சாட்சி சொல்ல வேண்டும். நாளைக்கும் சீனாவில் வியாபாரம் பண்ண வேண்டியவன் வாயைத் திறப்பானா? 2024 ஜனவரியில் வழக்கை ஒன்றியமே நிறுத்திவைத்தது. ஒரு வருடத்தில் அது காலாவதியானது.

தைவான் கைவிடவில்லை. கொரோனா தடுப்பூசி தந்த லிதுவேனியாவை மறக்காமல், அங்கிருந்து சீனா போக வேண்டிய 20,400 பாட்டில் ரம்மைத் தைவானின் அரசு மதுபான நிறுவனம் வாங்கிக்கொண்டது. ரம்மில் என்ன சமைக்கலாம் என்று மக்களுக்குக் குறிப்புகூடக் கொடுத்தார்கள்! 20 கோடி டாலர் முதலீட்டு நிதி, 100 கோடி டாலர் கடன் நிதி என்று அறிவிப்புகளும் வந்தன. ஆனால் ரம் வாங்க ஒரு ஆர்டர் போதும்; முதலீடு என்றால் திட்டம், தணிக்கை, பேரம் என்று வருடக்கணக்கில் இழுக்கும். சரக்கு தேங்கியவனுக்கு அடுத்த மாதச் சம்பளத்துக்கே பணம் வேண்டும்.

வீட்டுக்குள்ளும் ஒத்திசைவு இல்லை. அலுவலகம் திறந்தது சரி, பெயர்தான் தவறு, என்னைக் கலந்துகொள்ளவில்லை என்று அதிபர் நௌசேதா 2022 ஜனவரியில் வெளிப்படையாகவே சொன்னார். பிரஸ்ஸல்ஸில் இருக்கும் ஒன்றியக் கூட்டாளிகளிடமும் ஜெர்மன் வாடிக்கையாளர்களிடமும் பேசி முடித்துவிட்டுப் பலகையை மாட்டியிருக்க வேண்டும். இப்படிப்பட்ட மிரட்டலுக்குப் பதிலடி கொடுக்க ஒன்றியம் செய்த சட்டம் நடைமுறைக்கு வந்தது 2023 டிசம்பர் 27இல். பலகை மாட்டி அதற்குள் இரண்டு வருடம் தாண்டிவிட்டது.